ஆளில்லாத படகுகள்

பிப்ரவரி 11
கப்பலிலிருந்து

அன்புள்ள மாமாவுக்கு,

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே குணமாகிவிடலாம் என்று இருக்கிறீர்களா? நான் சுகமாக இருக்கிறேன். போனில் பேசினால் பாதிதான் உங்கள் காதுக்கு எட்டுகிறது. மீதியை நீங்களாகவே இட்டுக்கட்டிக்கொண்டு அதற்குப் பதில் சொல்கிறீர்கள். அதனால் இனிமேல் உங்களுக்குக் கடிதம்தான். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு விஷயம். முதலாவது பெரியது. இந்தப் பயணம் முடிந்ததும் கம்பெனி எனக்கு இரண்டு வழி காட்டுகிறது. இரண்டாம் அதிகாரியாக இருக்கும் நான் முதல் அதிகாரியாகி இதே சரக்குக் கப்பலில் தொடரலாம். கேப்டனுக்கு அடுத்த இடம் அது. வேண்டாம் என்றால், நம் ஊர்த் துறைமுக அலுவலகத்தில் மேசை வேலை. உங்கள் மகனைக் கேட்டேன். "அப்பா என்ன சொல்றாரோ அதுதான். நீ கடல்ல இருக்கிற வரைக்கும் வானிலைச் செய்தி முடியாம அந்த மனுஷன் சாப்பிட உக்கார்றதில்ல" என்று சொல்லிவிட்டார். ஆகவே முடிவு உங்களுடையது. செப்டம்பருக்குள் சொன்னால் போதும். நீங்கள் எதைச் சொன்னாலும் கேட்பேன்.

இரண்டாவது சின்னது. கூடத்து டிவியில் நான் ஆடும் கேமில் எனக்கொரு தீவு இருக்கிறதே, அதில் உள்ள செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. எப்படி என்று உங்கள் மகன் காட்டுவார். அந்தத் தீவில் ஓர் ஓவியக்கூடம் உண்டு. உலகத்தில் பேர்பெற்ற ஓவியங்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி அங்கே மாட்ட வேண்டும். என் கூடத்தில் ஒரே ஒரு சுவர் காலி. ஜப்பான்காரர் ஒருவர் பல காலம் முன்பு செய்த அலைப் படம் அது. எப்போதாவது தோணியில் ஒரு கீரிப்பிள்ளை வியாபாரி வரும். அதனிடம்தான் கிடைக்கும். சரியான களவாணி. அசலையும் போலியையும் பக்கம் பக்கமாக வைத்து விற்கும். ஒருமுறைக்கு ஒன்றுதான் வாங்கலாம். என் கண்ணில் இதுவரை அந்தப் படம் பட்டதேயில்லை. உங்கள் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 2

அன்பு மருமகளுக்கு உன் மாமன் சொல்வது.

எழுதுவது கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர். டாக்டர்கள் கிறுக்குவதையே படிக்கிறவருக்கு உன் கையெழுத்து எம்மாத்திரம். எண்ணெய் பாட்டிலைப் பற்றி நீ எழுதியிருந்ததைக் கடையில் இரண்டு பேர் நிற்கும்போது சத்தமாகப் படித்துச் சிரித்தார். நான் பேசுவதை அப்படியே எழுதமாட்டாராம், புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்தித்தான் எழுதுவாராம். எப்படியோ, சேதி வந்து சேர்ந்தால் சரி.

உன் தீவுக்குப் போனேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, டிவிக்குள் மழை கொட்டுகிறது. தகரக் கூரையில் விழுகிற சத்தம் என் காதுக்கே கேட்டது. உன் பொம்மை மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறது. நான் ரிமோட்டில் எதையோ அமுக்க, அது நேராகக் கடலுக்குள் இறங்கிவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விட்ட கதையாக நான் பதற, உன் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறான். பிறகு அது தானே நீந்திக் கரையேறிற்று. செடிகளுக்கு ஊற்றியாகிவிட்டது.

நேற்று கீரி வந்தது. அதன் தோணிக்குள் போனேன். அம்மாடி, அதை எப்படிச் சொல்வேன்.

தண்ணீர் எழுந்து நிற்கிறது. அலை அடிக்கும், புரளும் என்றுதான் நான் அறிவேன். இது நிற்கிறது. உச்சியில் நுரை ஒவ்வொன்றும் நகம் நகமாக வளைந்து, இதோ பிடித்துவிடுவேன் என்கிறது. அடியில் நீளம் நீளமாகப் படகுகள். வெகு தூரத்தில் பனி மூடிய மலை ஒன்று. மலை என்றால் நம் கண்ணுக்குப் பெரியது, இல்லையா? இந்த அலைக்கு முன்னால் அது யாரோ போட்டுவிட்டுப் போன கூழாங்கல். எனக்கு இத்தனை வயதாகிறது, இப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்திலேயே இன்னொன்று. கோட்டுக்குக் கோடு அதே படம். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் இல்லாமலே வண்டியையும் ஆளையும் பொருத்தி வைத்த கண் இது, ஏமாறுமா? நீ காலேஜ் போன காலத்தில் உன் சைக்கிளின் பின் மட்கார்டில் பச்சைப் பெயின்ட் தீற்றியிருந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது. உன் புருஷனுக்கு முன்னால் உன்னைத் தெரிந்தவன் நான். பார்த்துக்கொண்டே இருந்ததில் பிடிபட்டது. ஒரு படத்தில் படகுகளுக்குள் ஆட்கள் குனிந்து கிடக்கிறார்கள். மற்றதில் படகுகள் வெறுமனே போகின்றன. எது அசல் என்று யோசிப்பதற்குள் கீரி பேச ஆரம்பித்தது. அது பேசுவதெல்லாம் எழுத்து. எனக்கு எழுத்துக்கும் எறும்புக்கும் வித்தியாசம் தெரியாது. எதையோ அமுக்கினேன், கடையை மூடிவிட்டது.

உன் பெரிய விஷயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் ஒன்று சொல். கடலில் நிஜமாகவே அப்படி அலை உண்டா?

உன் மாமா


ஏப்ரல் 5

அன்புள்ள மாமாவுக்கும், எழுதித் தரும் மருந்துக்கடை அண்ணனுக்கும்,

இருவரும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை உணவறையில் படித்துச் சிரித்தேன். என்னைக் கடலுக்குள் தள்ளிவிட்டீர்களா? இஞ்சின்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

அசல் எது என்று யோசித்தீர்களே. ஆட்கள் இருப்பதுதான் அசல். படகோட்டிகள் எல்லோரும் ஒரே மாதிரி குனிந்திருப்பார்கள். போலியில் அவர்களை எடுத்துவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் படத்தைத் தூரிகையால் ஒரே தடவை வரைந்து முடித்துவிடவில்லை, மாமா. ஓவியர் வரைந்ததை மரக்கட்டையில் செதுக்குவார்கள். கோட்டுக்கு ஒரு கட்டை, வண்ணங்களுக்கு வேறு வேறு கட்டைகள். ஒவ்வொன்றிலும் மை தடவி ஒரே காகிதத்தில் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். கட்டை கொஞ்சம் நகர்ந்தால் எல்லாம் கெட்டது. இப்படி ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கடைகளில் விற்றார்கள். சாதாரண ஜனங்கள் வாங்கிப்போய் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அத்தனையும் அசல்தான். எத்தனை தரம் ஒற்றினாலும் அசல் குறையாது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படி அலை உண்டா என்றால், நான் பார்த்ததில்லை. பெரும்பாலான நாட்கள் கடல் இஸ்திரி போட்ட துணி மாதிரிதான் கிடக்கிறது. ராடார் திரையைப் பார்த்துக் கொட்டாவி விடுவதுதான் என் வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 28

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் சுகம். என் காது மட்டும் இன்னும் கொஞ்சம் விடுமுறை எடுத்துக்கொண்டிருக்கிறது.

கீரி மறுபடி வந்தது. அலைப் படம் வாங்கினேன். ஓவியக்கூடத்துக்குக் கொண்டுபோனால், அங்கே கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாரை படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிற்று. போலியாம், வாங்கிக்கொள்ளாதாம். அவசரத்தில் மாற்றி அமுக்கிவிட்டேன். வயசாகிறதல்லவா, விரல் தடுக்குகிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. தீவில் உன் வீட்டுக்குள்ளேயே, கட்டிலுக்கு மேலே மாட்டிவைத்திருக்கிறேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது.

பெரிய விஷயம். நன்றாக யோசித்துவிட்டேன். கரைக்கு வந்துவிடு அம்மா. துறைமுக ஆபீஸ் என்ன குறைந்த வேலையா? காலையில் குடையோடு போகலாம், சாயங்காலம் குடையோடு திரும்பலாம். உன் புருஷனுக்கும் நிம்மதி. முதல் அதிகாரி ஆனால்தான் மரியாதை என்றில்லை.

உன் மாமா

(தங்கச்சி, இந்த வரிகள் அவர் சொல்லி எழுதியவை அல்ல. அவருக்கு விரல் தடுக்கவில்லை. கீரி வந்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். ஆட்கள் இருக்கும் படத்தை முதல் பார்வையிலேயே காட்டி "இதுதான் அசல்" என்றார். பிறகு இரண்டையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, தெரிந்தே வெறும் படகு உள்ளதை வாங்கினார். "ஏன் பெரியவரே?" என்றேன். "ஆள் இல்லாத படகு கவிழ்ந்தா படகுதானே போகும்" என்றார். உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. — மருந்துக்கடை)


மே 30

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே. நானும் நலம்.

உங்கள் சொல்படியே ஆகட்டும். கம்பெனிக்கு அப்படியே எழுதிவிடுகிறேன்.

கேபின் கதவில் கையை இடித்துக்கொண்டேன். அதனால் நீளமாக எழுத முடியவில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை.

மருமகள்


ஜூன் 20

அன்பு மருமகளுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுதச் சொல்லலாம். ஆனால் நான் சுகமாக இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எழுத்தெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறதாம். "இது இடது கையால எழுதினது, பெரியவரே. கதவுல இடிச்ச கைன்னா ரெண்டு வரியாவது வலது கையால எழுதியிருக்கும்" என்றார். உன் புருஷனைக் கேட்டேன். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு "நல்லாத்தான் இருக்கா" என்றான். அவன் பொய் சொல்லும்போது மேலே பார்ப்பான், பிறந்ததிலிருந்து அப்படித்தான். நீங்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு எனக்கு மறைக்கிறீர்கள்.

கரைக்கு வந்துவிடு என்று ஏப்ரலில் நான் சொன்னதற்கு நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கல்யாணப் பேச்சின்போது "கப்பலுக்குப் போவேன், சம்மதமா" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டவள் நீ. "உங்கள் சொல்படியே ஆகட்டும்" என்பது உன் பேச்சே இல்லை.

கையில் என்ன? உள்ளதைச் சொல்.

உன் மாமா


ஜூலை 25

அன்பு மருமகளுக்கு,

கடிதம் இல்லை. நீ நலம் என்று உன் புருஷன் சொல்கிறான், மேலே பார்த்துக்கொண்டு.

உன் செடிகள் பூத்திருக்கின்றன. கீரி வந்துபோனது. நான் போய்ப் பார்க்கவில்லை.

உன் மாமா


ஆகஸ்ட் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வலது கையால் எழுதுகிறேன். அதிலேயே பாதி நலம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் இரண்டு கடிதங்களும் இந்தத் துறைமுகத்தில்தான் சேர்ந்தாற்போல் கைக்கு வந்தன. இடையில் கப்பல் நின்ற இடங்களில் எங்களுக்குத் தபால் வந்து சேரவில்லை. உங்கள் மகனைத் திட்டாதீர்கள், சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கியது நான்தான்.

ஏப்ரலில் நான் எழுதியது பொய் இல்லை. அதுவரை பார்த்ததில்லை. மே மாதத்தில் பார்த்தேன்.

புயல் இரவெல்லாம் எங்களைப் புரட்டிவிட்டு, விடியும்போது மழை மட்டும் நின்றிருந்தது. சுக்கான் அறையில் கேப்டன், சுக்கான் பிடிக்கும் மாலுமி, நான். கப்பலின் மூக்கு கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. இவ்வளவு இறங்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நிமிர்ந்தால் எதிரில் வானம் இல்லை. தண்ணீர். நீங்கள் எழுதினீர்களே, எழுந்து நிற்கிறது என்று. வேறு சொல் கிடையாது, மாமா. அது எழுந்து நின்றது. அதன் பின்னாலிருந்து சூரியன் வந்துகொண்டிருந்தான். அத்தனை பெரிய தண்ணீர்ச்சுவர் உச்சியில் மெலிந்து மெலிந்து, கண்ணாடிபோல் வெளிச்சத்தை உள்ளே விட்டது. பச்சை. அந்தப் பச்சைக்குப் பெயர் இல்லை. பயம் பிறகுதான் வந்தது. முதலில் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இதைப் பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கும் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. பைத்தியம் என்பீர்கள்.

அந்த மாதிரி அலையை நேர் முகத்தில் வாங்க வேண்டும். விலாவில் வாங்கினால் கப்பல் புரண்டுவிடும். நான் திசை சொன்னேன், மாலுமி திருப்பினார். கேப்டன் "பிடிச்சுக்குங்க" என்றார். எல்லோரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டோம். அது எங்கள் மேல் வந்து விழுந்தது. ஜன்னல்கள் இருண்டன. என்னைத் தூக்கி வரைபட மேசையில் அடித்ததில் கை எலும்பு முறிந்தது. ஆனாலும் அடுத்த அலைக்கும் திசை சொன்னேன், அதற்கடுத்ததற்கும். ஒருவரும் போகவில்லை. எல்லோரும் பிழைத்தோம்.

மருந்துக்கடை அண்ணன் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்ததை, கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தபோதுதான் படித்தேன். ஆள் இல்லாத படகு கவிழ்ந்தால் படகுதானே போகும் என்றீர்களாமே. அதைப் படித்த பிறகு உங்களை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவரைக் கோபிக்காதீர்கள்.

கரைக்கு வருவதாகக் கம்பெனிக்கு எழுதிய கடிதம் தயாராக மேசையில் இருக்கிறது. அடுத்த துறைமுகத்தில் கொடுத்துவிடுவேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 30

அன்பு மருமகளுக்கு,

கை கூடியதே, அது போதும். இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். மருந்துக்கடைக்காரர் மட்டும் மயிரிழையில் தப்பினார்.

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"ஏன் தம்பி நிறுத்திட்ட?"

"எழுத்து சரியா தெரியல."

"ஊர்ல உள்ள அத்தனை டாக்டர் எழுத்தும் தெரியுது, என் மருமக எழுத்து தெரியலையா?"

பிறகு வேறு வழியில்லாமல், தன் குட்டைத் தன் வாயாலேயே படித்தார். நான் சொல்லாததை நீ எப்படி எழுதலாம் என்று கேட்டேன். "நீங்க சொன்னதைத்தான் எழுதினேன் பெரியவரே. கடிதத்துக்குச் சொல்லல, என்கிட்ட சொன்னீங்க" என்றார். ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் அந்த அலையை மறுபடி படி என்று நான்தான் போய் நின்றேன். எனக்கு அது மனப்பாடம் ஆகும்வரை படித்தார். இப்போது அவர் இல்லாமலே எனக்கு அது வரும்.

போன வாரம் கீரி வந்தது. இந்த முறை ஆட்கள் இருக்கும் படத்தின் எதிரே உட்கார்ந்து, அலையைப் பார்க்காமல் ஆட்களை மட்டும் பார்த்தேன். இத்தனை நாளும் அவர்கள் பயந்து கிடக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பயந்தவன் அண்ணாந்து பார்ப்பான், இல்லை முகத்தைத் திருப்பிக்கொள்வான். இவர்களில் ஒருத்தன்கூட அதைப் பார்க்கவில்லை. துடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒருத்தன் முதுகுக்குப் பின் ஒருத்தனாக, ஒரே உடம்பு மாதிரி குனிந்திருக்கிறார்கள். படகின் மூக்கு நேராக அலைக்குள் போகிறது. விலாவைக் கொடுக்கவில்லை. கிட்டத்தில் ஒவ்வொரு தலையும் ஒரு எள்ளளவு. அந்த எள்ளளவைச் செதுக்கியவன் கட்டைக்கு மேலே மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருப்பான், அல்லவா? அந்த மனிதர்களை எடுத்துவிட்டால் அப்புறம் அந்த அலை எதற்கு? யார்மேல் விழ அது அத்தனை உயரம் எழ வேண்டும்? வெறும் தண்ணீர். நாரை போலி என்று தலையாட்டியது சரிதான்.

வாங்கினேன். கூடத்துக்குக் கொண்டுபோனேன். நாரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு சிறகையும் விரித்துக் குனிந்து கும்பிட்டது. காலிச் சுவரில் அலை ஏறியது. தீவில் இருக்கிற முயல், கரடி, ஆடு எல்லாம் வந்து வரிசையாக நின்றுவிட்டன. யாரும் அவற்றைக் கூப்பிடவில்லை. உன் மழைக்கோட்டுப் பொம்மையை நடத்திக்கொண்டுபோய் அதன் நேரே நிறுத்தினேன். எனக்கு முதுகு காட்டிக்கொண்டு, அலைக்கு முன்னால் நீ, சின்னதாக நின்றாய். ரிமோட்டைத் தொடவில்லை. உன் புருஷன் வேலையிலிருந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். கடல் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது, எனக்கும்.

அம்மா, அந்தக் கடிதத்தைக் கொடுக்காதே. இதை மட்டும் போனில் முந்திச் சொல்லும்படி உன் புருஷனிடம் சொல்லிவிட்டேன். காரணத்தை நான்தான் சொல்வேன் என்றேன். நான் வாங்கிய சொல், நான்தான் திருப்பித் தர வேண்டும்.

காரணம் இதுதான். மூன்று அலைக்குத் திசை சொன்னவளை மேசையில் உட்காரவைத்தால், அடுத்த அலைக்கு யார் சொல்வார்? அந்தக் கப்பலில் இருக்கிறவர்களுக்கும் வீட்டில் ஒரு கிழவன் வானிலைச் செய்தி பார்த்துக்கொண்டுதானே இருப்பான். எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அப்படியே இருக்கிறது. செய்தி முடியாமல் இனியும் சாப்பிட உட்காரமாட்டேன். அது என் பாடு. நீ போ. முதல் அதிகாரியாகப் போ. பிறகு கேப்டனாகவும் போ. திரும்பி வரும்போது அந்தப் பச்சை எப்படி இருந்தது என்று எனக்கு நேரில் சொல். நான் சாகிறவரை அப்படி ஒன்றைப் பார்க்கப்போவதில்லை. பார்த்த ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள் என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சொல்ல வேண்டியது முடிந்தது. உறையில் உன் பேருக்கு மேலே 'முதல் அதிகாரி' என்று போடச் சொன்னேன். இவர் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு, "இன்னும் ஆகலையே பெரியவரே" என்கிறார்.

"கடிதம் போய்ச் சேர்றதுக்குள்ள ஆயிடுவா. நீ எழுது தம்பி" என்றேன்.

எழுதிக்கொண்டிருக்கிறார்.

உன் மாமா